ஒன்பதாவது வருடத்துப் பிசாசு

என் தம்பி எவாரிஸ்தோ எட்டு வருடம் பிசாசு வேஷம் கட்டினான். ஒன்பதாவது வருடம் கட்டுவதற்குள், ஆகஸ்ட் மழையில் மார்ச்சளி கண்டு, பதினோரு நாளில் போய்விட்டான். மிச்சமிருந்த அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

எங்கள் ஏரிக்கரை ஊரான சான் வெனான்சியோவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயில் முற்றத்தில் இடையர் நாடகம் நடக்கும். தேவகுழந்தையைப் பார்க்கப் போகும் இடையர்களைப் பிசாசு வழிமறிப்பான், தேவதூதன் அவனை வாளால் அடித்து வீழ்த்துவான். அதில் வேஷம் கட்டுவது இரண்டு விதம். ஆசைக்குக் கட்டுவது ஒன்று, வேண்டுதலுக்குக் கட்டுவது ஒன்று. வேண்டுதல்காரன் இத்தனை வருடம் கட்டுகிறேன் என்று புனிதருக்கு வாக்குக் கொடுத்திருப்பான். எதற்காக என்பதை யாரிடமும் சொல்லமாட்டான், பெண்டாட்டியிடம்கூட. முன்கூட்டிச் சொன்னால் வாக்கு கெட்டுவிடும். கடைசி வருடம், நாடகம் தொடங்குமுன், கோயில் வாசலில் முட்டி போட்டு, முகமூடியைக் கழற்றிவிட்டு, ஊர் கேட்கக் காரணத்தைச் சொல்வான். அதோடு வாக்கு தீர்ந்தது. நடுவில் செத்துப்போனால் இரத்த உறவில் ஒருவர் மிச்சத்தைக் கட்டவேண்டும். காரணத்தையும் அவர்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் கட்டின வருடங்கள் எல்லாம் வீண்.

எவாரிஸ்தோவின் காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் தானாகவே ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தது.

அடக்கத்துக்கு ஏரியின் அக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துறையில் நாற்பத்தேழு படகு கட்டியிருந்தது. அதில் முப்பத்தொன்று நான் செய்தவை. வந்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் படித்தவர்கள். இருபத்தாறு வருடம் அவன் எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எல்லாம் கரும்பலகைக்குப் பக்கத்தில் பிரம்பு தொங்கும். அவன் பள்ளியில் ஆணிகூடக் கிடையாது. பெருக்கல் வாய்ப்பாட்டைத் துடுப்புப் போடுகிற தாளத்தில் சொல்லிக்கொடுத்தான். இன்றைக்கும் எட்டாம் வாய்ப்பாட்டை முனகிக்கொண்டு ஏரியில் போகிறவர்களைப் பார்க்கலாம். மலைத்தொடர் என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு, மேசைமேல் குப்புறப் படுத்து, முதுகைத் தூக்கிக் காட்டி, "இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டவன் அவன்.

நாடகத்திலும் அவன்தான் உயிர். பிசாசு கட்டுவதற்கு முன் பதினான்கு வருடம் சாமியார் வேஷம் கட்டினான். இடையர் நாடகத்தில் சாமியார் என்றால் சிரிப்புக்காரன். சணல் தாடி, மீன்முள்ளில் கோத்த ஜெபமாலை. பக்தி பேசிக்கொண்டே இடையர்களின் மூட்டையிலிருந்து ரொட்டி திருடுவான். எவாரிஸ்தோ நொண்டிக்கொண்டு முற்றத்தில் நுழையும்போதே பெண்கள் சால்வையால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அது பிடித்ததில்லை. எங்கள் அப்பா, அவர் அப்பா, எல்லாரும் படகு செய்தவர்கள். சால்திவார் குடும்பத்தில் பிறர் சிரிக்கும்படி யாரும் நின்றதில்லை.

அடக்கத்தன்று ரொட்டிக்கடை செவெரியானோ ஒரு கதை சொன்னான். அவன்தான் நாடகத்தை நடத்துகிறவன், பள்ளிக் கமிட்டிக்கும் தலைவன்.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த கதை தெரியுமில்லே? எட்டு வருஷம் இருக்கும். மொரேலியாவிலேர்ந்து கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு. வாத்தியார் வெளியிலே போய்த் தண்ணி கொண்டுவர்றதுக்குள்ளே, இந்த அவுசென்சியோ இருக்கானே, அப்ப பதினொண்ணு பன்னெண்டு வயசு, எழுந்திரிச்சு வாத்தியாரோட சாமியார் நடையை நடந்து காட்டறான். துடைப்பத்தைத் தாடியா வச்சுக்கிட்டு. இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிக்கறாரு. வாசல்லே வாத்தியார் தண்ணிக் குடத்தோட நிக்கறாரு. வேற ஒருத்தனா இருந்தா தோலை உரிச்சிருப்பான். இவரு என்ன பண்ணினாரு? 'நொண்டறது வலது கால், இடது இல்லே'ன்னு திருத்தினாரு. அவ்வளவுதான்."

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்து, பிறகு அழுதார்கள். அன்று மாலையே கமிட்டி கூடி, ஜனவரியில் திறக்கப்போகும் புதுப் பள்ளிக்கு எவாரிஸ்தோவின் பெயரை வைப்பதாகத் தீர்மானித்தது. பள்ளிச் சுவரில் பதிக்கும் பெயர்ப்பலகைக்காக, ஓடு சுடுகிறவர்களிடம் நானே போய் எங்கள் குடும்பப் பெயரை எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். நீல எழுத்து, வெள்ளைப் பின்னணி. நம் பெயர் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் சுவரில் ஏறப்போகிறது என்று நான் நாலுபேரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நவம்பரில், ஏரிக்காற்று குளிரத் தொடங்கியபோது, தம்பி மனைவி தொமித்திலா என் படகுக் கொட்டகைக்கு வந்தாள். சால்வைக்குள் எதையோ சுற்றி வைத்திருந்தாள். பிரித்தாள். பிசாசு முகமூடி. ஆட்டுக்கொம்பு, சிவப்புத் தோலில் நாக்கு.

"மூணு மாசமா இதை நாற்காலியிலே வச்சிருந்தேன், பெரியத்தான். நான் கஞ்சி குடிக்கறதையே பார்த்துக்கிட்டிருக்கு. இனிமே உங்க வீட்டிலே இருக்கட்டும்."

"என் வீட்டிலே எதுக்கு?"

"கட்டப்போறது நீங்கதானே."

"ஃபிதேலுக்குக் கடுதாசி போட்டிருக்கேன்."

"உங்க மகன் கலிஃபோர்னியாவிலே கோசு அறுத்துக்கிட்டிருக்கான். போன கிறிஸ்துமஸுக்கும் வரலே, அதுக்கு முந்தினதுக்கும் வரலே. எங்க மக ஆமாலியா கட்டறேன்னா. பிசாசு ஆம்பிளைதானாம், செவெரியானோ சொல்றாரு. அதிலே எனக்கும் சந்தேகமில்லே."

"எனக்கு அறுபத்தெட்டு வயசு."

"பிசாசுக்கு அதைவிட ஜாஸ்தி."

நான் உளியைக் கீழே வைத்தேன். "காரணத்தைச் சொல்லணுமே, தொமித்திலா."

அவள் முகமூடியின் கொம்பைச் சால்வை நுனியால் துடைத்தாள். "அது ஊருக்கே தெரியுமே. அந்த வருஷம் குழந்தை தங்காமப் போயி நான் மூணு மாசம் படுத்துக்கிடந்தேன். பிழைக்கமாட்டேன்னாங்க. அந்த டிசம்பர்லேதான் அவரு சாமியாரை விட்டுட்டுப் பிசாசு கேட்டாரு. வேற யாருக்காக இருக்கும்?"

ஊர் முடிவு செய்து வைத்திருந்தது அதுதான். நல்ல காரணம். பெண்டாட்டிக்காக ஒன்பது வருடம் பிசாசாக நின்றவன் என்று சொல்வதில் குடும்பத்துக்குப் பெருமைதானே. சரி, கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் நாடகக் கையேட்டைக் கொடுத்தனுப்பினாள். எவாரிஸ்தோ தன் கையாலேயே நகல் எடுத்தது. சின்ன, சாய்வில்லாத எழுத்து. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிசாசின் வசனங்களைப் படித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், அடிக்கோடிட்டு, ஒரே வார்த்தை இருந்தது. வலப்பக்கம். அடுத்த பக்கத்திலும் வலப்பக்கம். ஏழாம் பக்கத்தில் ஆறு இடத்தில் வலப்பக்கம்.

எனக்கு விளங்கவில்லை. எங்கள் கோயிலின் உள்சுவரில் கடைசித் தீர்ப்புப் படம் இருக்கிறது. நல்லவர்கள் வலப்பக்கம், கெட்டவர்கள் இடப்பக்கம். பிசாசு இடப்பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். ஞானோபதேசம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாதா? செவெரியானோவிடம் போய்க் கேட்டேன்.

"யாரோட வலப்பக்கம்?" என்றேன்.

"தேவதூதனோட வலப்பக்கம். அவரு அப்படித்தான் வருவாரு."

"ஏன்?"

"நான் கேக்கலே. அவரு வாத்தியாரு, நான் ரொட்டி சுடறவன்."

"பிசாசு வலப்பக்கம் நிக்கக்கூடாது, செவெரியானோ. தப்பு."

"அப்ப திருத்திக்குங்க. இப்ப பிசாசு நீங்கதானே."

திருத்தினேன். ஒத்திகை ரொட்டிக்கடைக் கொல்லையில் நடந்தது. அடுப்பு அணைந்த சூடு சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் மாவு. சோம்பேறி இடையனாக வேஷம் கட்டும் பருத்த மீன்காரன் செனோபியோ ஒரு மூட்டைமேல் படுத்திருந்தான், அவனுக்கு அது நடிப்பில்லை. தேவதூதனாக நின்றவன் அவுசென்சியோ. கதையில் வந்த அதே பையன், இப்போது இருபது வயது. பிசாசு கட்டின முதல் வருடத்திலிருந்தே எவாரிஸ்தோ இவனைத்தான் தேவதூதனாக வைத்திருந்தான். ஊருக்கு அதுவும் ஆச்சரியம்தான். அவுசென்சியோவை எல்லாரும் மந்தம் என்பார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டான், கேட்டால் வேறு பதில் சொல்வான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூளை சூடாகிவிட்டது என்று அவன் அம்மா கிரெசென்சியாவே சொல்லியிருந்தாள். அவனைவிட நல்ல பையன்கள் ஊரில் இருந்தார்கள். ஆனாலும் எட்டு வருடமும் மரவாளை அவன் கையில்தான் கொடுத்தான் எவாரிஸ்தோ.

நான் அவனுக்கு இடப்பக்கத்திலிருந்து நுழைந்து, "இடையர்களே, இந்தக் குளிரில் எங்கே போகிறீர்கள்?" என்றேன்.

தேவதூதன் திரும்பி என்னை மறிக்கவேண்டும். திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குரலை உயர்த்தி இன்னொரு முறை சொன்னேன். அதற்கும் அசையவில்லை.

"பிசாசே, தேவதூதன் உன்னை மதிக்கவே மாட்டேங்கறான்" என்றான் செனோபியோ மூட்டைமேலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து, என் வயதில், நாற்பதுபேர் எதிரில் சிரிப்பது அதுவே முதல்தடவை. எனக்குக் காது சுட்டது. எட்டி அவன் தோளைத் தொட்டேன், கொஞ்சம் வேகமாகவே.

அவுசென்சியோ துள்ளித் திரும்பினான். திரும்பும்போது இடது கை தானாக எழுந்து இடது காதைப் பொத்திக்கொண்டது.

கேட்காதவன் காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பான். பொத்தமாட்டான். அடி வாங்கினவன்தான் பொத்துவான். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். அவுசென்சியோ பிடித்துவந்த பொடிமீனைக் கோரைப்பாயில் பரப்பிக்கொண்டிருந்தான். விரல் நீள மீன்கள், வெயில் படப்படக் கண்ணாடிபோல ஆகும். கொக்குகளை விரட்ட ஒரு குச்சி வைத்திருந்தான். நான் அவனுக்கு வலப்பக்கம் போய் நின்றேன்.

"அவுசென்சியோ."

உடனே திரும்பி, பெரியவர்களுக்குப் போடும் 'தோன்' போட்டுப் பேசினான். "வாங்க, தோன் எலியோ. மீன் வேணுமா?"

"வேண்டாம். உனக்கு அந்தக் காது எப்பப் போச்சு?"

குச்சியால் பாயின் ஓரத்தைத் தட்டினான். "காய்ச்சல்லே."

"உங்கம்மா சொல்றதை நான் கேக்கலே."

வெகுநேரம் மீனைப் பரப்பினான். நான் அங்கே கிடந்த படகின் விளிம்பில் உட்கார்ந்தேன். அது எங்கள் அப்பா செய்த படகு. பிசின் தேய்ந்திருந்தது.

"ஒன்பதாவது வருஷம் அவரே வாசல்லே சொல்றேன்னாரு" என்றான். "அதுவரைக்கும் நீ சொல்லாதேன்னாரு. இப்ப யாரு சொல்றதுன்னு எனக்குத் தெரியலே."

"நான்தான் சொல்லணும். எனக்குத் தெரியணும்."

"இன்ஸ்பெக்டர் கதை தெரியுமில்லே?"

"தெரியும். வலது கால்னு திருத்தினான்."

"அது வகுப்புலே. இன்ஸ்பெக்டர் போனதும், வேஷச்சாமான் இருக்கற அறைக்கு என்னைக் கூப்பிட்டாரு. நான் சந்தோஷமாப் போனேன், தோன் எலியோ. அசல் தாடியைக் கொடுத்துக் கட்டிப்பாருன்னு சொல்லப்போறாருன்னு நெனச்சேன். அவ்வளவு நல்லா நடிச்சேன்னு எனக்கு ஒரு எண்ணம்." கொஞ்சம் சிரித்தான். "உள்ளே போனேன். ஒண்ணு விட்டாரு. ஒண்ணுதான். கையாலே. அப்புறம் அவரே தரையிலே உக்காந்துட்டாரு. நான் நின்னுக்கிட்டிருக்கேன், வாத்தியார் தரையிலே. என்னமோ சொன்னாரு. எனக்கு ஊளைச் சத்தம்தான் கேட்டுச்சு."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு மூணு வருஷம் கழிச்சுக் கேட்டேன். 'நீயுமாடா'ன்னு சொன்னேன்னாரு. யாரோட சேர்த்து நீயும்னு எனக்குப் புரியலே."

எனக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு, எவாரிஸ்தோ என் வீட்டில் சாப்பிட்டான். அன்று அவன் தட்டில் நான்தான் மீன் வைத்தேன். வைத்துக்கொண்டே சொன்னேன்: ஊர் உன்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது; நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டுப் போவான்; நம் பெயரைச் சணல் தாடியில் கட்டித் தொங்கவிடாதே. அவன் முள்ளை எடுத்து எடுத்து ஓரத்தில் வைத்தான்.

அவுசென்சியோ பேசிக்கொண்டே போனான். காதில் சீழ் வைத்தது. எவாரிஸ்தோவே படகில் டவுனுக்குக் கூட்டிப்போனான். அந்தக் காது போனதுதான், சீழ் பரவினால் அடுத்ததும் போகும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் துடுப்பை நிறுத்திவிட்டு, அடுத்த காதாவது நிலைத்தால் ஒன்பது வருடம் பிசாசு கட்டுகிறேன் என்று எவாரிஸ்தோ, இவன் கேட்க, நடு ஏரியில் புனிதருக்கு வாக்குக் கொடுத்தான். நிலைத்தது. கிரெசென்சியாவிடமும் போய் நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றிருக்கிறான்.

"அம்மாதான் காய்ச்சல்னு சொல்லிட்டாங்க. இவரை அனுப்பிட்டு வேற வாத்தியார் வந்தா, அவன் தினமும் அடிப்பான்னாங்க."

"வாளை உனக்கு எதுக்குக் கொடுத்தான்?"

"பிசாசை தேவதூதன் அடிக்கணுமில்லே? அதுக்கு. முதல் வருஷம் நான் நெசமாவே அடிச்சேன். கோவமிருந்துச்சு. முகமூடிக்குள்ளேர்ந்து 'இன்னும் ஓங்கி'ன்னாரு. ரெண்டாவது வருஷமும் அப்படித்தான். மூணாவது வருஷத்திலேர்ந்து சும்மா தொட்டேன். அவரு விழுந்து புரளுவாரு. நல்லா விழுவாரு."

கொக்கு ஒன்று பாயருகே வந்தது. விரட்டிவிட்டு வந்தான்.

"ஒண்ணு சொல்றேன், தோன் எலியோ. தொமித்திலா அம்மாவுக்காகத்தான்னு ஊரெல்லாம் நெனைக்குது. அப்படியே சொல்லிடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பேர் வைக்கப்போறாங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. எழுந்து நாலடி நடந்தேன். அப்போது துறையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் அவனைப் பார்த்து, "டேய் மந்தம், கொக்கு தின்னுது பாரு" என்று கத்தினான். இடப்பக்கத்திலிருந்து. அவுசென்சியோ திரும்பவில்லை. கத்தினவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்து நெற்றியைத் தட்டிக் காட்டினான்.

தொமித்திலா வீட்டு முற்றத்தில் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். உருண்டைக் கல்லால் கோரையைத் தட்டித் தட்டிச் சப்பையாக்குவது அவள் வேலை. நான் சொல்லி முடிக்கும்வரை கல் நிற்கவில்லை. முடித்ததும் நின்றது.

"ஒரு காது" என்றாள்.

"ஆமா."

"வேற பொம்பிளை இல்லே."

"என்ன பேச்சு இது."

"பேச்சுதான். நான் படுத்தது ஜனவரியிலே, பெரியத்தான். ஈஸ்டருக்கு எழுந்து சோளம் அரைச்சேன். அவரு முகமூடி செய்யச்சொன்னது நவம்பர்லே. பிழைச்சு எழுந்தவளுக்கு ஏழு மாசம் கழிச்சு யாராவது வேண்டிக்குவாங்களா? எனக்கு அப்பவே ஒத்துவரலே. ஆனா எல்லாரும் 'உனக்காகத்தான்'னு சொல்றப்ப நல்லாயிருந்துச்சு. சரின்னு வாங்கி வச்சுக்கிட்டேன். நடுராத்திரி முழிப்பு வந்தா மட்டும், யாரோ ஒருத்தி இருக்காளோன்னு தோணும்." கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பையனுக்குக் கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பாரு. ஏன் அவனுக்கு மட்டும்னு கேட்டா, தேவதூதன் கிழிசலோட நிக்கலாமாம்பாரு."

"ஆமாலியா வாத்தியார் படிப்புப் படிக்கறா. நாளைக்கு அவளை யாரும் ஒண்ணு சொல்லிடக்கூடாது. பேர்ப்பலகை சூளையிலே இருக்கு. நான் உனக்காகன்னு சொல்லிடறேன். உனக்கும் அதுதானே மரியாதை."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி மனைவி என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"அவரு சொல்றதுக்குன்னு வச்சிருந்ததை நீங்க மாத்தினா, அது உங்க வாக்கு. அவரோடது இல்லே. எட்டு வருஷம் அவரு அடிவாங்கினது எங்கே போகும்? எனக்காகன்னு பொய்யாச் சொல்லி நீங்க எனக்கு மரியாதை பண்ணவேண்டாம். நான் பிழைச்சது என் உடம்பாலே."

கல் மறுபடி தட்டத் தொடங்கியது. எனக்குக் கஞ்சி கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அது நடந்ததேயில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பொய்யாக முடித்த வேண்டுதல் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. பிள்ளையை அடித்துச் செவிடாக்கினவனும் இருந்ததில்லை. இரண்டில் ஒன்று இனி இருக்கும். எது என்பதுதான் என் கையில் இருந்தது.

இருபத்துநான்காம் தேதி மூன்று மணிக்குக் கோயில் முற்றம் நிரம்பிவிட்டது. நல்ல வெயில், காற்றில் மட்டும் கத்தி. சர்க்கரைப் பாகில் தோய்த்த பொரியப்பம் விற்கிறவள் மதில் ஓரம் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். செனோபியோ தலையில் ஆட்டுத்தோலோடு ஏற்கெனவே ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கறுப்பு அங்கியில் பார்த்ததும் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "பொருத்தமா இருக்கு, தோன் எலியோ. உங்களுக்குக் கொம்புகூட வேண்டாம்" என்றான்.

அவுசென்சியோ வெள்ளை அங்கியில், கோழியிறகுச் சிறகோடு நின்றான். வலப்பக்கம் போனேன்.

"சொல்லப்போறேன்" என்றேன்.

அவன் வாளின் முனையைச் செருப்பில் ஊன்றினான். "என் பேரையுமா?"

"உனக்கு இஷ்டமில்லேன்னா இல்லே."

யோசித்தான். அவன் யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் ஊர் மந்தம் என்றது. "சொல்லுங்க. மூளை இல்லே, காதுதான்னு தெரிஞ்சா நல்லது. பெத்ராவைப் பொண்ணு கேட்டு அவ வீட்டுக்குப் போனோம். மந்தத்துக்குக் கொடுக்கமாட்டோம்னுட்டாங்க." பிறகு, "ஆனா முடியலேன்னா விட்டுடுங்க. உங்க தம்பி" என்றான்.

மணி அடித்தது. கோயில் வாசலில் முட்டி போட்டேன். அறுபத்தெட்டு வருடத்தில் நற்கருணைக்கு முன்னால் தவிர வேறெங்கும் நான் முட்டி போட்டதில்லை. முகமூடியைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். முன்வரிசையில் தொமித்திலாவும் ஆமாலியாவும். நாலு வரிசை தள்ளிக் கிரெசென்சியா, கறுப்புச் சால்வையில். எதிரில் செவெரியானோ, கையில் ஏற்றிய மெழுகுவர்த்தியோடு. வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"யாரு வாக்கு, எத்தனை வருஷம், எதுக்கு?"

தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். "என் தம்பி எவாரிஸ்தோ சால்திவார் வாக்கு. ஒன்பது வருஷம். படிக்கிற பிள்ளை ஒருத்தனைக் கையாலே அடிச்சான். ஒரு காது போச்சு. அடுத்தது நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டான். நிலைச்சுது."

முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஆமாலியா அம்மாவின் கையைப் பிடிப்பதைப் பார்த்தேன். மதில் பக்கத்திலிருந்து குரல்கள் வந்தன. "என்ன சொன்னாரு?" "தொமித்திலாவுக்காகன்னு சொல்லியிருப்பாரு." "ஒண்ணும் விழலே."

செவெரியானோ மெழுகுவர்த்தியைத் தாழ்த்திக்கொண்டு குனிந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. என் காதுக்கு மட்டும் எட்டும்படி பேசினான்.

"பின்னாடி யாருக்கும் கேக்கலே, எலியோ. முன்னாடி இருக்கறது பத்துப்பேர், நம்மாளுங்க. வேற மாதிரி சொல்றதுன்னாலும் இப்ப சொல்லிக்கலாம். நான் ஒண்ணும் கேக்கலே." பிறகு நிமிர்ந்து, சத்தமாக, "பின்னாலே கேக்கலியாம். இன்னொரு தடவை சொல்லுங்க, தோன் எலியோதோரோ" என்றான்.

கல் என் முட்டியில் குத்தியது. தலையை நிமிர்த்தினேன். படகுத் துறையில் அக்கரையைக் கூப்பிடும்போது ஒரு குரல் இருக்கிறது, எங்கள் அப்பா கற்றுக்கொடுத்தது, நெஞ்சின் அடியிலிருந்து வருவது. அந்தக் குரலில் சொன்னேன்.

"என் தம்பி எவாரிஸ்தோ, இந்த ஊர் வாத்தியாரு, இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு, வேஷச்சாமான் அறையிலே வச்சு, கிரெசென்சியா மகன் அவுசென்சியோவை அடிச்சான். அவனுக்கு மூளையிலே ஒண்ணுமில்லே. இடது காது கேக்காது, அவ்வளவுதான். என் தம்பி அடிச்சதாலே கேக்காது. அடுத்த காது நிலைக்கணும்னு ஒன்பது வருஷம் வாக்குக் கொடுத்தான். இந்த வாசல்லே தானே சொல்லணும்னு இருந்தான். அவன் அடிச்சதுக்கு முந்தின நாள், ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்குதுன்னு என் வீட்டுச் சாப்பாட்டிலே அவனுக்குச் சொன்னது நான்."

பொரியப்பக்காரி எண்ணெயில் எதையோ போட்டாள். அது பொரியும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை நான் சொன்னது மதில் பக்கத்துக்கும் விழுந்துவிட்டது. கிரெசென்சியா மட்டும் சால்வையைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

செவெரியானோ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான். வாக்கு தீர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். கல்லின்மேலிருந்த முகமூடியை எடுத்து, மாவு படிந்த கையால் அதன் நாக்கை நேராக்கி, என்னிடம் நீட்டினான்.

"கட்டிக்குங்க" என்றான். "இடையருங்க காத்திருக்காங்க."